பையர் வந்த நாளில் டிவி கருத்த கதை

"கம்ப்யூட்டர் எனக்கு அத்துப்படி" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு காலத்தில் நானே அப்படிச் சொல்லித் திரிந்தவள்.

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். (பெரிதாக நினைக்க வேண்டாம். ஆறு மாதக் கோர்ஸ். அதில் இரண்டு மாதம் கரண்ட் இல்லை.) மடத்துக்குளத்திலிருந்து அப்பா அனுப்பியதே ஒரு நிபந்தனையோடுதான்: "மூணு மாசம் பாரு கண்ணு. மொதலாளி வேண்டாம்னுட்டா, பேசாம வந்து நாங்க காட்டற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டிரோணும்."

மூன்றாம் மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு பையர், அதாவது பனியன் வாங்கும் வியாபாரி, வந்தார். குழந்தைகள் பனியனுக்கு நான் கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன்களைப் பெரிதாகக் காட்டவென்றே முதலாளி புது டிவி வாங்கிவிட்டார். கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு மஞ்சள் ஒயர். ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை அமுக்கினால் படம் வரும். முந்தைய நாள் கடைக்காரர் அமுக்கினார், வந்தது.

மறுநாள் பையர் முன்னால் நான் அமுக்கினேன். கருப்பு.

"என்னம்மிணி, இன்னும் வல்ல?" என்றார் முதலாளி.

"வந்துருமுங்க. டிவி கொஞ்சம் சூடாகோணுமுங்க."

(சூடானது நான்தான்.)

ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினேன். பேட்டரிதான் கோளாறு என்று அறிவித்து, ஆபீஸ் கடிகாரத்திலிருந்து ஒன்றும் மாடியில் முதலாளி வீட்டுக் கடிகாரத்திலிருந்து ஒன்றும் கழற்றி மாட்டினேன். இரண்டு கடிகாரமும் நின்றன. டிவி அசையவில்லை. (பையரிடம் "இரண்டே நிமிடம்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல அதுவும் வசதியாகப் போயிற்று.)

இளநீர் கொண்டுவந்த முதலாளியம்மா கணவரிடம் கேட்டார்: "ஏனுங்க, இந்தப் புள்ள நெசமாலுமே படிச்சிருக்குதுங்களா?"

எனக்கு மடத்துக்குளம் பஸ்ஸின் ஹாரன் காதிலேயே கேட்டது.

பையர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, பேச்சை மாற்ற, டிவி திரைக்குக் கீழே இருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டி இது என்ன என்றார். காலையில் புது டிவிக்குப் பூஜை போட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான்தான். பளபளவென்று ஒரு சின்னக் கருப்புக் கண்ணாடி, பொட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. அதில் ரூபாய்க் காசு அகலத்துக்கு அப்பியிருந்தேன். பெருமையாக விளக்கக் குனிந்தேன். பாதி வாக்கியத்தில் கையிலிருந்த ரிமோட்டையும் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ரிமோட்டின் வெளிச்சம் போய்ச் சேர வேண்டிய இடமே அதுதான்.

தாவணி முனையை எடுத்ததும் முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுச் சாமானுக்கு வெச்ச பொட்ட அழிக்கறதா? நல்லாருக்குதே நாயம்!"

"அழிக்கல புள்ள, பக்கத்துல குடி மாத்தறோம்" என்றார் முதலாளி.

பொட்டு நான்கு விரற்கடை தள்ளிக் குடியேறியது. அமுக்கினேன். திரை முழுக்க மஞ்சள் வாத்துக் குஞ்சுகள்! வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் விசிலே அடித்துவிட்டார்கள்.

ஆர்டர் கிடைத்தது. கிளம்பும்போது பையர் தன் கேமராவை நீட்டி, இதற்கும் ஒன்று வையுங்கள் என்றார். நான் குங்குமத்தைத் தொட்டதுதான் தாமதம், முதலாளி பாய்ந்து வந்தார்.

"அம்மிணி, லென்ஸ்ல வெச்சுராத!"

வேலை நிலைத்தது. மாப்பிள்ளை காட்ட அப்பா இன்னும் நான்கு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்யாணப் பந்தியில் முதலாளியே இந்தக் கதையை என் கணவரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும் முதல் கேள்வி, "அம்மா தொட்டாங்களா?"

போன மாதம் மகளுக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ. நான் அடுப்படியில் நின்று வேண்டாத தெய்வமில்லை. பாதியில் திரை கருத்துப்போனது. (மீதியைப் போனில் பேசி முடித்தாள், வேலையும் கிடைத்துவிட்டது.) ஆனால் அந்த நிமிடத்தில் கணவரும் மகனும் திரும்பிப் பார்த்தது என் விரலைத்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், லேப்டாப்பில் நான் வைக்கவே இல்லை.

சார்ஜர் முனையில்தான் வைத்தேன்.