எல்லைக் கல்லை நிமிர்த்தியவர்

கல் சாய்ந்திருந்தது. ராஜாங்கம் பையைத் திறந்து ரசமட்டத்தை எடுத்து அதன் தலையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா ஜேபி, எத்தினி வருஷமா இப்படியே நிக்குது. ஒருத்தனுக்காவது கண்ணு உறுத்திச்சா?"

கூட வந்த ஜெயப்பிரகாஷ் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் கல்தேடிகள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு விடிந்தால் தொப்பி, கம்பி பிரஷ், சின்னக் கடப்பாரை, பழைய வரைபடத்தின் நகல், புளிச்சோறு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, கல்வராயன் மலையேறி, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, வெள்ளைக்காரன் காலத்து எல்லைக் கல் ஒன்றைக் கண்டுபிடித்து, பாசி போகத் தேய்த்து, வேட்டையாடிய புலிக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்து படம் எடுத்து, வாட்ஸப் குழுவில் போட்டால்தான் அவர்களுக்குத் திங்கட்கிழமை விடியும். யாருக்கு என்ன கெடுதல்? ஒன்றுமில்லை. சாராயமா, சீட்டா?

அவர்களுக்குள் மேல் கீழ் உண்டு. கிராம எல்லைக் கல்லைப் பார்த்தவர் கடைசி வரிசை. மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்தவருக்கு நடு வரிசை. மூன்று மாநிலங்கள் கூடும் மூலைக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தவரோடு ஆறு மாதத்துக்கு யாரும் பேச முடியாது. ராஜாங்கம் பார்த்தவர். ஒரு காலை ஆந்திராவிலும் ஒரு காலைக் கர்நாடகத்திலும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் இட்லி சாப்பிட்ட கதையை, கள்ளக்குறிச்சியில் அவருடைய டைல்ஸ் கடைக்குக் குளியலறைக்குக் கல் பார்க்க வருகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்றைக்குக் கிடைத்தது கள்ளக்குறிச்சி மாவட்டம் முடிந்து சேலம் தொடங்கும் மூலை. நடு வரிசைக் கல்தான். ஆனால் சாய்ந்திருந்ததே, அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷமாகத் தரை மட்டம் பார்த்த மனிதர். கடப்பாரையை எடுத்தார்.

பக்கத்து மரவள்ளிக் கொல்லையிலிருந்து பச்சையம்மாள் களைக்கொட்டும் கையுமாக ஓடிவந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க? அத ஏன் நோண்டிக்கினு இருக்கீங்க?"

"சாஞ்சிருக்கும்மா. நிமுத்தறோம்."

"எங்க மாமனாரு காலத்துலருந்தே அது சாஞ்சிதாங்க இருக்குது. தொடாதீங்க. நாளைக்கு சர்வேயரு வராரு. நாலு வருஷமா மனு குடுத்து நடையா நடந்து இப்பதான் வராரு. என் கொல்லையில நிக்கிற பலா மரத்த பக்கத்துக் கொல்ல வீரமுத்து அவன்துன்றான். இந்தக் கல்லுலருந்து அளந்தாதான் தெரியும்."

"நல்லதாப் போச்சு. சர்வேயருக்கு வேலைய கம்மி பண்ணிட்டுப் போறோம்."

"நீங்க கெவுருமெண்டா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கல்தேடியாவது நேராகப் பதில் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? ராஜாங்கம் தொப்பியைச் சரிசெய்தார்.

"அந்த மாதிரிதாம்மா."

அவள் அரை அடி பின்வாங்கினாள். அதற்குள் கல் மண்ணைவிட்டு வந்துவிட்டது. வெளியே எடுத்த பிறகு ராஜாங்கத்துக்கு இன்னொன்று தோன்றியது. செல்போனில் பார்த்தார். வரைபடக் கணக்குப்படி கல் இருக்க வேண்டியது ஒன்பது அடி மேற்கே. மறுபடி பார்த்தார், ஏழு அடி என்றது. மூன்றாவது முறை பதினொன்று. சராசரி ஒன்பது. தப்பான இடம் என்று தெரிந்த பிறகு அதிலேயே திரும்ப நடுவது ஒரு மனிதன் செய்கிற காரியமா?

ஒன்பது அடி மேற்கே வீரமுத்துவின் கொல்லை. இருவரும் கல்லைப் புரட்டிக்கொண்டு போய் நட்டார்கள். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. ராஜாங்கத்தின் நெஞ்சிலும் ஏதோ ஒன்று நடுவில் வந்து நின்றது.

"யோவ், அது அவன் கொல்லைய்யா!" பச்சையம்மாளின் பேச்சிலிருந்து மரியாதை போய்விட்டிருந்தது.

"ஒனக்கு ஒம்போது அடி லாபம்மா. சந்தோஷப்படுவியா, கத்திக்கினு கீறியே."

"எவன் கேட்டான் ஒம்போது அடிய? எனக்கு எம் மரம் போதும். ராத்திரியோட ராத்திரியா நான்தான் பேத்து நட்டேன்னு சொல்லுவான்யா. எடுத்த எடத்துலயே நட்டுட்டுப் போ."

"தப்பான எடத்துல எப்பிடிம்மா நடறது?"

"அந்தத் தப்பான எடத்துலதான்யா என் மரம் எனக்கு இருந்திச்சு!"

"மரம் வரைபடத்துல இல்லம்மா," என்றார் ராஜாங்கம், வருத்தத்தோடுதான். பிறகு பழைய குழியில் மண்ணைத் தள்ளி, மிதித்து, சருகு பரப்பி, அங்கே ஒரு கல் இருந்த சுவடே இல்லாதபடி சமன்செய்தார். மேடு பள்ளம் அவருக்கு ஆகாது.

மறுநாள் பதினோரு மணிக்கு சர்வேயர் வந்தார். கல்லடியில் புது மண்ணைப் பார்த்தார். யார் நகர்த்தியது என்று கேட்டார். தொப்பி போட்ட இரண்டு பேர் வந்து நட்டுவிட்டுப் போனார்கள் என்றாள் பச்சையம்மாள். எதற்கு என்று கேட்டார். சாய்ந்திருந்ததாம் என்றாள். வீரமுத்து சிரித்தான். கல் முன்பு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அவள் ஒரு இடத்தைக் காட்டினாள், வீரமுத்து வேறொரு இடத்தைக் காட்டினான். எல்லைக் கல்லை நகர்த்துவது குற்றம் என்று சொல்லி, அவள் மனுவின்மேல் நான்கு வரி எழுதிக்கொண்டு, அளக்காமல் இறங்கிப் போனார். சாயங்காலம் வீரமுத்து பலா மரத்தில் ஏறி இரண்டு பழம் இறக்கினான். நிமிர்ந்த கல்லின் படத்துக்குக் குழுவில் எண்பத்து மூன்று பேர் கைதட்டியிருந்தார்கள். பட்டியலைக் கீழே இழுத்துப் பாருங்கள், உங்கள் பெயரும் இருக்கும்.