கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பற்றி மைத்துனருக்கு

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் உடம்பால் சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே வரும். அங்கே தாங்களும் தங்கள் மனைவி மக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். விசாரிக்காமல் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து, கரண்ட் திருடுகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது வாசலில் சிரித்துக்கொண்டே வரவேற்றால் என் கண் தானாகச் சுவரில் ஓடும் ஒயரைத் தேடுகிறது.

இது ஒரு புகார்க் கடிதம். புகார் உன் மேல்தான். ஆகவே மரியாதை இதுவரை கொடுத்தது போதும்.

பாப்பாவுக்கு முட்டி வலி என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் பெற்ற அப்பனுக்குத் தெரிந்தது. வாலிபால் அணியில் வலைக்கு முன்னால் எம்பி எம்பிப் பந்தை அறைகிறவள், திடீரென்று மாடிப்படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்தாள். என்னம்மா இது என்று கேட்டதற்குப் புதுப் பயிற்சி என்றாள். பயிற்சியாளரைப் பார்த்து விசாரித்தேன், அப்படி ஒரு பயிற்சியே கிடையாது என்றார். ஆக ஒரு பொய் பிடிபட்டது. உன் அக்காவை மடக்கினால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது: முட்டிச் சிப்பிக்குக் கீழே, தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணில் வலியாம், ஓயாமல் குதிக்கிறவர்களுக்கு வருகிறதாம், அணித் தேர்வுக்குள் அடங்காவிட்டால் இந்த வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானாம். என்னிடம் ஏன் மறைத்தாள் என்று கேட்டேன். சொன்னால் நான் வைத்தியம் பார்க்க மாட்டேன், விசாரணை வைப்பேன் என்றாளாம். வீடு இப்படிப் புகைந்துகொண்டிருந்த சமயம் பார்த்து நீ போனில் வந்தாய். உனக்குத் தெரிந்த பிசியோதெரபி அம்மா ஒருவர் இருக்கிறார், வெளிச்சம் காட்டியே வலியைக் குறைக்கிறார் என்று கொளுத்திப் போட்டுவிட்டு நீ பாட்டுக்கு வைத்துவிட்டாய்.

போனோம். மருந்துக்கடைக்கு மேல் மாடி. முட்டி வலிக்காரர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறார்களே என்று ஏறும்போதே எனக்கு உறுத்தியது. உள்ளே திரை போட்டுப் பிரித்த இரண்டு கட்டில், சுவரோரம் சாய்வாகச் செய்த ஒரு மரப்பலகை, ரப்பர் பட்டைகள். அந்த அம்மா பாப்பாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று மாட்டினார். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை முட்டிக்குக் கீழே அழுத்திப் பிடித்தார். சூடு இல்லை, சத்தம் இல்லை, ஒரு மினுக்கல்கூட இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“ஏம்மா, வெளிச்சம் எங்கே?”

“இது கண்ணுக்குத் தெரியாதுங்க சார்.”

“தெரியாத வெளிச்சத்துக்கு எதுக்கு கறுப்புக் கண்ணாடி?”

“தெரியாததாலதான் சார். தெரிஞ்சா நீங்களே கண்ணை மூடிக்குவீங்களே.”

பதில் எவ்வளவு தயாராக வருகிறது பார்த்தாயா? மீட்டரில் கை வைத்தவர்களும் இப்படித்தான் தயாராக இருப்பார்கள். சரி, இது முட்டியை எப்படிக் குணமாக்கும் என்று கேட்டேன். அந்த வெளிச்சம் தோலுக்குள் போய் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை, ஆராய்ச்சியிலும் இரண்டு விதமாகத்தான் வந்திருக்கிறது, வெளிச்சம் மட்டும் போதவே போதாது, அந்தச் சாய்வுப் பலகையில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுந்து தசைநாணைப் பலப்படுத்துவதுதான் முக்கியம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏமாற்றுகிறவர்கள் கண்டிப்பாகக் குணமாகும் என்று அடித்துச் சொல்வார்கள், நாமும் சுலபமாகப் பிடித்துவிடலாம். இந்த அம்மா சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார். இவரை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது? இவ்வளவு தேர்ந்த ஆளை என் உத்தியோகக் காலத்திலேயே நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை தயாராகப் போனேன். டிவி ரிமோட்டின் முனையைப் போன் கேமராவில் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மினுக்கும். அதே வழியில் இந்தப் பேனாவையும் பார்த்துவிடுவது என்று திட்டம். பாப்பாவின் முட்டியில் பேனா அழுந்தியிருந்ததால் முனை தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் நெடுந்தூரம் ஓடுகிறவர் ஒருவர் தன் முறைக்காக அரைக்கால் சட்டையோடு படுத்திருந்தார். அவரிடம் பேனா போகும்போது பிடித்துவிடலாம் என்று திரை இடுக்கில் போனை நீட்டினேன். பாழாய்ப் போன பிளாஷ் பளிச்சென்று அடித்தது. அந்த அறையில் அன்று கண்ணுக்குத் தெரிந்த ஒரே வெளிச்சம் அதுதான். ஓட்டக்காரர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார், நான் போனைப் பிடித்தேன், அந்த இழுபறியில் விரல் எங்கே பட்டதோ, படம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் பார்த்தது அந்த மனிதரின் தொடை. அதற்கு நீ கட்டைவிரலை வேறு உயர்த்தியிருந்தாய். உன் மனைவி குழுவை விட்டே போய்விட்டாள். அது ஆபாசம் இல்லை, ஆதாரம் என்று அவளிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? அதற்கடுத்த முறை கட்டிலுக்கு அடியில் ஒரு ஒயர் சுவர் பிளக்கிலிருந்து போவதைப் பார்த்தேன். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து சத்தமில்லாமல் உருவிவிட்டேன். பேனா அதுபாட்டுக்கு முட்டியில் இருந்தது. முடிந்ததும் அந்த அம்மா எப்படி இருக்கிறது என்று கேட்க, பாப்பா பரவாயில்லை, வலி குறைந்திருக்கிறது என்றாள். உடனே நான் பிளக்கைத் தூக்கிக் காட்டி, கரண்டே இல்லாமல் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சமயத்தில் முன்னறையிலிருந்து ஒரு பெண் ஐயோ என்றாள். நான் உருவியது அவளுடைய கம்ப்யூட்டரின் ஒயர்; அதுவரை பேட்டரியில் தாக்குப்பிடித்திருக்கிறது. காலையிலிருந்து அவள் தட்டி வைத்ததெல்லாம் போயிற்று. பேனா சார்ஜில் ஓடுகிறதாம். இதை அந்த அம்மா கோபப்படாமல் சொன்னார்; அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பாப்பா எனக்கு முன்னால் வாசலுக்கு நடந்தாள். படி இறங்குமுன் திரும்பினாள்.

“வலிக்குதுன்னாலும் நம்ப மாட்டேங்கறீங்க. கொறைஞ்சிருக்குன்னாலும் நம்ப மாட்டேங்கறீங்க. நான் என்னதாம்பா சொல்லட்டும்?”

சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை உன் அக்கா மூலமாகத்தான். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா, அவரிடம் உப்பை வாங்கிக் கொடு என்கிறாள். ‘அவர்’ ஆகிவிட்டேன்.

என் பயத்தை உன்னிடம் சொல்வதற்கென்ன. வெளிச்சத்தால் முட்டிக்குக் கெடுதல் வரும் என்று நான் நினைக்கவில்லை. வலி போய்விட்டது என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்வாள், தேர்வில் வலியே இல்லை என்று பயிற்சியாளரிடம் புளுகிவிட்டுக் குதிப்பாள், அந்த நாண் ஒரேயடியாக அறுந்துவிடும். ராத்திரி புரண்டு படுத்தால் இதுதான் கண் முன்னால் நிற்கிறது. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீ உடனே போன் செய்து, அந்த வெளிச்சத்தை நிறுத்து, தேர்வுக்கும் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் காதில் வாங்க மாட்டாள். அந்த பிசியோ அம்மாவோடும் நீ இனி எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளாதே. இது என் முடிவான முடிவு.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஓடியாடாத ஏதாவது ஒரு வேலையில் நீண்ட ஆயுளோடு விளங்க என் ஆசிகள். உன் மனைவிக்கு என் வணக்கமும் விளக்கமும்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாப்பா என் அறைக்கு வந்தாள். தேர்வு இன்று காலையிலேயே முடிந்துவிட்டதாம்; எனக்குத் தெரியாமல் உன் அக்காவும் கூடப் போயிருக்கிறாள். பயிற்சியாளர் கேட்டதற்கு, முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் இன்னும் வலி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அவர் அணியில் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாளைக்குப் பாதி ஆட்டம் ஆடினால் போதும், வைத்தியத்தை மட்டும் நடுவில் விட்டுவிடாதே என்றாராம். ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால்தான் அனுப்புகிறேன். நாளை அந்த பிசியோ அம்மாவிடம் நானே கூட்டிப் போகிறேன். பிளக் பக்கம் போகக் கூடாது என்பது நிபந்தனை. வீட்டில் செய்வதற்கென்று வாங்கிய சாய்வுப் பலகையில் பயிற்சி செய்ய, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று என் கையைக் கேட்டாள், கொடுத்தேன். மெதுவாக உட்கார்ந்து எழுந்தாள். எப்படிம்மா இருக்கு என்றேன். கொஞ்சம் வலிக்குதுப்பா என்றாள். எவ்வளவு கொஞ்சம் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. உன் அக்காவிடம் இதைச் சொன்னேன், அவள் நம்பவில்லை.