ஸ்கேட்டிங்கில் ஒரு கிரிவலம்

உலகத்தில் எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றுவார்கள் என்று பதினாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். திருவண்ணாமலையில் பிறந்தவளிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? நடக்கத் தெரியும் முன்பே அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து மலையைச் சுற்றியாகிவிட்டது.

அந்த வயதில் எனக்குப் பிடித்த பைத்தியம் ஃபிகர் ஸ்கேட்டிங். பனித்தரையில் ஒரு பெண் எகிறிக் குதித்துச் சுழல்வதை மொபைலில் பார்த்தேன். தலை சுற்றாதா? இறங்கும்போது கால் எப்படி நிற்கிறது? தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. (எங்கள் ஊர் வெயிலில் குச்சி ஐஸே கைக்கு வருவதற்குள் பாதி காணாமல் போய்விடும்.) அதையே சக்கர ஸ்கேட்ஸிலும் ஆடலாம் என்று தெரிந்ததும் அப்பாவை நச்சரித்து ஒரு ஜோடி வாங்கினேன். அப்பா செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தினார். அதன் மொட்டை மாடிதான் என் மைதானம். வீடியோவைப் பார்த்துப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியை வலம் வந்து வந்து, ஒரு வருடத்தில் நன்றாகவே எகிறிச் சுழன்றேன். வீடியோப் பெண் எந்தப் பக்கம் சுழல்கிறாள் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

சென்னையில் ஒரு பெண் பயிற்சியாளர், வெளியூர்ப் பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துச் சொல்லித்தருவதாக அறிவித்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் ஸ்கேட்ஸைப் பரணில் போட்டுவிட்டு ப்ளஸ் டூவுக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் ஒப்பந்தம்.

தேர்வு நாளன்று அம்மா அப்பாவோடு சென்னைக்குப் போனேன். முதலில் எல்லோரும் ஸ்கேட்ஸில் வட்டமாக ஓடி உடம்பைச் சூடேற்ற வேண்டும். நான் பக்தியோடு வலமாகக் கிளம்பினேன். எதிரே ஒரு கும்பலே வந்துகொண்டிருந்தது. பாவம், இத்தனை பேரும் தப்பாகச் சுற்றுகிறார்களே என்று பரிதாபப்பட்டேன். அடுத்த நொடி நாலைந்து பேரோடு தரையில் கிடந்தேன்.

பயிற்சியாளர் மேடம் ஓடி வந்தார். "எந்த ஊரும்மா நீ?"

"திருவண்ணாமலைங்க."

"இங்க இடது பக்கமாத்தான் சுத்தணும். சரியா?"

பார்வையாளர் வரிசையிலிருந்து அம்மா அலறினாள்: "அய்யய்யோ, அப்பிரதட்சணமா சுத்தாதடி! ஆகாது!"

தனியாக ஆட என் முறை வந்தது. மேடம் பேச்சை மீறலாமா? வாழ்நாளில் சுழன்றே அறியாத இடப்பக்கம் எகிறினேன். கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போய் நடுவர்களின் மேஜைக்கு அடியில் நின்றேன். அவர்கள் டீ என் தலையில் இருந்தது.

மேடம் குனிந்து எட்டிப் பார்த்தார். "நீ எந்தப் பக்கம் பழகின?"

"வலதுங்க."

"அப்படியே குதிச்சிருக்கலாமே! வலது பக்கம் சுத்தறவங்களும் இருக்காங்க, தப்பே இல்ல. கூட்டமா ஓடும்போது இடிச்சுக்கக் கூடாதுன்னுதான் அப்படி சொன்னேன். ஏன் கேக்கல?"

விழுந்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. இடம் வேறொருத்திக்குப் போனது.

ஊருக்குத் திரும்பும் பஸ் செஞ்சியைத் தாண்டியது. அப்பா மெதுவாக, "ஒரு வார்த்தை கேட்டுட்டு சுத்தியிருக்கலாம், இல்ல?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும்தான்.

சில வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் மாப்பிள்ளையிடம் சமையல் தெரியுமா, குறட்டை விடுவாரா என்று வரிசையாகக் கேட்கத் தொடங்கியதும் அவருடைய அம்மாவின் முகம் சுருங்கியது. அப்பா அவசரமாகக் குறுக்கிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. எங்க பொண்ணு இப்பல்லாம் கேட்டுட்டுத்தான் சுத்துவா."