நாலு காலும் நிலத்தில்

என் மச்சானின் கலியாணத்தில், மாப்பிள்ளை வாசலுக்கு வந்த அதே நொடியில், நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரை என் பாரம் தாங்காமல் நான்கு கால்களையும் நான்கு திசைக்கு நீட்டி, களைத்த ஆடு மாதிரி மெதுவாகப் படுத்துவிட்டது. நானும் அதோடு படுத்தேன். கையிலிருந்த வட்டிலாப்பக் கிண்ணத்தை மட்டும் விடவில்லை. ஓட்டமாவடிச் சனம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் படம் பிடித்தது.

எல்லோரும் என்னைத் தூக்க ஓடி வந்தார்கள். ஒருவர் மட்டும் கதிரையைத் தூக்க ஓடி வந்தார். அவர்தான் ஊருக்கே அண்ணனான கதிரைக் காக்கா. பிளாஸ்டிக்குக்காகக் கண்ணீர் விட்ட மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்!

"எழும்புடா மனே! உன்ட எலும்பு மறுகா ஒட்டும். இதுக்குப் பழைய சாயல் வருமா?"

கலியாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கதிரை வாடகைக்குக் கொடுப்பது காக்காவின் தொழில். கொடுத்துவிட்டுச் சும்மா வீட்டில் இருப்பாரா? கதிரைகளோடு லொறியில் ஏறி அவரும் வந்துவிடுவார். சாப்பிட அல்ல, காவலுக்கு. எவனாவது பின்னுக்குச் சாய்ந்து இரண்டு காலில் ஆடினால் போதும், பந்தலின் மறு மூலையிலிருந்து சத்தம் வரும்: "நாலு காலும் நிலத்துல!"

ஒருமுறை மேடையில் ஒரு பெரிய மனிதர், தான் பேசும் முறை வரும்வரை சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தார். காக்கா மேடையேறினார். முதுகுக்குப் பின்னால் போய் ஒரே தள்ளு! கதிரை நேரானது. பெரிய மனிதர் மைக்கில் முட்டிக்கொண்டார். அன்றைய கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது அந்த முட்டலுக்கு மட்டும்தான்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வெக்கையில் கதிரைக் கால்கள் இளகிவிடும் என்று எல்லாவற்றையும் வீட்டுக்குள் அடுக்கிவிடுவார். வீடு நிறைந்துவிடும். காக்காவும் அவர் மனைவியும் மாமரத்தடியில் பாய் போடுவார்கள்.

"என்னக் கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து எனக்கு வெயில் படுதெண்டு இந்த மனிசன் ஒருநாள் சொன்னதில்ல கா" என்பார் அந்த ராத்தா.

நான் வளைத்த கதிரைக்கு வைத்தியம் நடந்தது. சுடுதண்ணீர் ஊற்றி, கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் போட்டார். அவிழ்த்தபோது அது நொண்டியது. அதைத் தன் வீட்டு வாசல் கேற்றடியில் வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் என் பெயரைச் சொல்லிக் காட்டினார். அதன்பிறகு நான் எந்தக் கலியாண வீட்டுக்குள் நுழைந்தாலும் மைக்கில் காக்காவின் அறிவித்தல் வரும்: "மனே, உனக்குப் பின்னுக்கு வாங்கு போட்டிரிக்கி!" நாலு பேர் குந்தும் நல்ல நீள மர வாங்கு. பக்கத்தில் பிரியாணிக் கிடாரம். எனக்கும் பெரிய மனவருத்தம் ஒன்றும் இல்லை.

"ரெண்டு கதிரைய ஒண்டுக்குள்ள ஒண்டு போட்டுக் குந்துறனே காக்கா" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"ஒண்டக் கொன்னது காணாதா?"

பிறகு என் மூத்த மகளின் கலியாணம் வந்தது. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அந்தக் கிழமை வாழைச்சேனை வரைக்கும் தேடியும் வேறு யாரிடமும் கதிரை இல்லை. காக்காவின் கேற்றடியில், என் நொண்டிக் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தாறன். ஆனா நீ குந்தப்படாது."

"மகள்ர கலியாணம் காக்கா!"

"மகள் குந்தட்டும். மாப்பிள குந்தட்டும். வாப்பாக்காரன் நிண்டு சனத்தக் கவனிக்கிறதானே? நீ குந்தினா அந்த இடத்துலயே எல்லாத்தையும் லொறியில ஏத்துவன்."

வாக்குக் கொடுத்தேன். கலியாணத்தன்று நின்றேன். காலிரண்டும் கிடாரமாக வீங்கும்வரை நின்றேன். பந்தல் நிரம்பி வழிய, மௌலவி என்னை நிக்காஹுக்குக் கூப்பிட்டார். அப்போதுதான் மண்டையில் இடி விழுந்தது. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்தல்லவா மகளைக் கொடுக்க வேண்டும்!

"குந்துங்க" என்றார் மௌலவி.

"பரவாயில்ல, நிக்கிறன்."

"நிண்டுகிட்டா குடுக்கப்போறீங்க? மாப்பிளட கழுத்து ஒடிஞ்சிரும்."

சனம் சிரித்தது. நான் காக்காவைப் பார்த்தேன். பந்தல் காலோடு சாய்ந்து நின்றார். பக்கத்தில் லொறி டிரைவர். உட்கார்ந்தால் அத்தனை சனமும் நிலத்தில். உட்காராவிட்டால் நிக்காஹ் நடக்காது.

காக்கா வந்தார். ஒரு கதிரையை எடுத்து, கால்களைத் தடவிப் பார்த்து, எனக்குப் பின்னால் வைத்தார். "மெல்ல" என்றார். உட்கார்ந்தேன். உடனே அவர் முழங்காலில் இறங்கி, பின்னங்கால் இரண்டையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். ஊரைச் சிரிக்க வைக்கும் இந்த வாய்க்கு முதல் சொல்லே வரவில்லை. மகள் பிறந்த அன்று என் கைக்குள் அடங்கிக் கிடந்தது நினைவுக்கு வந்து தொலைத்தது. அழுதுவிட்டேன். தோள் ஆடியது, வயிறு ஆடியது, கதிரை கிறீச்சிட்டது.

"புடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்" என்று முதுகுக்குக் கீழேயிருந்து ஒரு குரல். "நீ சொல்லு மனே."

சொல்லிவிட்டேன்.

நிக்காஹ் படத்தில் என் கதிரைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிகிறது. மகள் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள்.

கதிரைகளை லொறியில் ஏற்றும்போது நன்றி சொல்லப் போனேன். காக்கா என் கதிரையைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு காலாக அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"உன்ட பாரத்த இது தாங்கும் மனே. நீ நடுங்கின நடுக்கத்துக்குத்தான் வளையப் பாத்திச்சி. அடுத்த மகள்ர கலியாணத்துல அழுற எண்டா, நிண்டுகிட்டு அழு."