அழகையாவின் பல்லில் புழு

மஞ்சூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எவனும் இப்போது தேயிலையைப் பார்ப்பதில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேரே எஸ்டேட் மைதானத்துக்கு ஓடுகிறான். அங்கே தந்தானந்த சுவாமிகள் பல் புழு எடுக்கிறார்!

தட்டு நிறையத் தண்ணீர். நடுவில் ஒரு கல்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அதன்மேல் ஒரு பிடி விதை. எல்லாவற்றையும் மூடி, மேலே ஓட்டை போட்ட பானை. ஓட்டை வழியே வரும் புகையை வாயில் வாங்க வேண்டும். பானையைத் தூக்கினால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வலிக்கிற கன்னம் என்பதால் மெதுவாகத்தான் போட்டுக்கொள்ளும்.

சுவாமிகள் ஒரு கட்டளையும் இட்டிருந்தார். "பிரஷ்ஷைக் கண்டால் புழு உள்ளே ஓடிவிடும். குடும்பத்தோடு பல் தேய்ப்பதை நிறுத்துங்கள்!"

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மொத்தமும் நிறுத்தின. இலை பறிக்கப் போன பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினார்கள். பக்தி மணம் அப்படிக் கமழ்ந்தது.

வாசுகியின் மகள் வர்ஷாவுக்குக் கன்னம் வீங்கி, ஒரு கண்ணே மூடிக்கொண்டது. காய்ச்சல் கொதித்தது.

"ஏனுங்க, ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க."

"பெரிய புழு உள்ளயே இருக்குதாம். வெள்ளிக்கிழமை எடுத்துருவாரு சாமி" என்றான் கணவன் பாலு. வெள்ளிக்கிழமைவரை புழு காத்திருக்கும். சீழ் காத்திருக்குமா?

பாலுவின் அப்பா அழகையாவுக்குப் பேத்தியின் முனகல் பொறுக்கவில்லை. லைனிலேயே அழகான பல்வரிசை அவருடையது. "சிலோன்ல, கண்டித் தோட்டத்துல கரித்தூள் போட்டு வெளக்குன பல்லுடா!" என்று இளித்துக் காட்டாத நாளில்லை.

"நட பாலு. மொதல்ல என் பல்லைப் பாக்கச் சொல்லு" என்று கிளம்பினார். வாசுகியும் பின்னாலேயே போனாள்.

மைதானத்தில் அழகையா பானைப் புகையை வாயில் வாங்கினார். பானை தூக்கப்பட்டது. புழுக்கள் மிதந்தன.

"பார் பக்தா! அத்தனை பல்லிலும் புழு!"

அழகையா வாய்க்குள் கைவிட்டார். மேல்வரிசை வந்தது. கீழ்வரிசையும் வந்தது. இரண்டையும் சுவாமிகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுலயா சாமி? இது ஊட்டியில கட்டுன பல்லு செட்டு."

பாலு பல் செட்டை எட்டிப் பார்த்தான். "அப்பா... கரித்தூளு?"

"சும்மா இருடா." பெண்கள் சிரித்தார்கள். அழகையா பொக்கை வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அவமானம் அவரைக் கொன்றது.

"பிளாஸ்டிக் பல்லுலயே புழு எடுத்த சாமிக்கு ஜே!" என்று எவனோ கத்தினான். கூட்டம் மறுபடியும் கும்பிட்டது. மூடத்தனத்துக்கு மட்டும் பல் விழுவதேயில்லை.

வாசுகிக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பிடி விதையை அள்ளி இரும்பில் போட்டாள். பானையைக் கவிழ்த்தாள். "யாரும் வாய வெக்காதீங்க!"

புகை மேகத்தைப் பார்த்துப் போனது. பானையைத் தூக்கினாள். தண்ணீர் நிறையப் புழு!

"இது யாரு பல்லுப் புழுங்க? மேகத்துக்கா சொத்தைப் பல்லு?" ஒன்றை எடுத்து நசுக்கிக் காட்டினாள். சூட்டில் விதை வெடித்துத் தெறித்த வெள்ளை முளை.

திரும்பிப் பார்த்தால் சுவாமிகளைக் காணோம். கோயமுத்தூர் பஸ்ஸில் தொற்றிவிட்டார். அவசரத்தில் அழகையாவின் பல் செட்டும் கையோடு போய்விட்டது!

அன்றே ஊட்டியில் வர்ஷாவுக்குச் சீழை எடுத்தார்கள். கண் திறந்தது. "காலையும் ராத்திரியும் வீட்டோட பல் தேய்ங்க" என்றார் டாக்டர். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

அழகையா இப்போது பொக்கை வாயோடு தாராளமாகச் சிரிக்கிறார். அவர் சாமியாரிடம் கழற்றிக் கொடுத்தது பல்லை மட்டும்தான். நீங்கள் கழற்றிக் கொடுத்தது எதை? தலையைத் தட்டிப் பாருங்கள், சத்தம் வருகிறதா என்று!