தேவை நிரூபிக்கப்பட்ட துவக்கு

தமிழினம் உலகுக்கு அளித்த கொடைகளில் தலையாயது எது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீணாகச் சிரமப்பட வேண்டியதில்லை. அது டோர்ட்மண்டில், லோறன்ஸ் அண்ணையின் வீட்டுக் கெலரில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் உதித்த 'தமிழ்க் குறிவல்லோர் ஒன்றியம்' ஆகும். அதன் செயலாளர் தபோதரன் ஆகிய நானே இதைச் சொல்வதால், இதில் எள்ளளவும் பக்கச்சார்பு கிடையாது.

ஒன்றியத்தின் மொத்த உறுப்பினர் மூவர். தலைவர் லோறன்ஸ் அண்ணை மன்னார்க்காரர். பாண் தொழிற்சாலையில் அடுப்புப் பகுதிக்குப் பொறுப்பாளர். ஆலோசகர் கதிர்காமநாதன் பஸ் ஓட்டுகிறார். நான் அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரன். நிலக்கீழ் அறையைக் கெலர் என்று ஜேர்மன்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் அதைத் 'தலைமையகம்' என்போம். சனிக்கிழமைதோறும் அங்கே கூடி, அவரவர் நெஞ்சுக்கு நெருக்கமான துவக்கை, அதாவது துப்பாக்கியைப் பற்றி உரையாற்றுவோம். உரைகளை நான் குறிப்பேட்டில் பதிவேன்.

கதிர்காமநாதனின் காதல் வேட்டைத் துவக்கின் மேல். வால்நட் மரப்பிடி, தொலைநோக்கி, தோல்பட்டி எல்லாம் பூட்டிய படத்தைப் பணப்பையில், முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வேட்டைக்காரர் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தார்.

"கதிர், நீர் முட்டை போட்ட கேக்கையே மோந்து பாத்துத்தான் எடுக்கிற ஆள். காட்டுப்பண்டியைச் சுட்டுப்போட்டு என்ன செய்யப்போறீர்?" என்று அண்ணை ஒருநாள் கேட்டார்.

"சுடுறது விளையாட்டு அண்ணை. சாப்பிடுறதுதான் பாவம்."

இந்த விளக்கம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நான் கைத்துவக்குக் கட்சி. ஒன்பது மில்லிமீற்றர், கறுப்பு, கைக்கு அடக்கமானது. நான் அதைத் தொட்டதில்லை. ஆனால் அதைப் பற்றிய முந்நூறு காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். அதன் விசையை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மகளின் வகுப்பாசிரியை பெயர்தான் சட்டென்று வராது.

உண்மையான துவக்கு வைத்திருந்தவர் லோறன்ஸ் அண்ணை ஒருவரே. சின்னத்துளை றைபிள், ஐம்பது மீற்றர் தூரத்தில் உள்ள கடதாசி வட்டத்தைத் துளைப்பதற்கென்றே பிறந்தது. அதை அவர் அடைந்த வரலாறு பாடப் புத்தகத்தில் இடம்பெற வேண்டியது. முப்பது சொச்சம் வருடங்களுக்கு முன் அகதியாக வந்தபோது, தன் வாழ்நாளில் துவக்கைத் தொட்டதே இல்லை என்று இந்த நாட்டுக்கு அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏழு வருடம் சொன்னார், நம்பவில்லை. இப்போதோ, பன்னிரண்டு மாதத்தில் பதினெட்டுத் தடவை துவக்கைத் தொட்டிருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊர்ச் சுடுவோர் சங்கத்தின் முத்திரையோடு ஒரு தாளைக் கொடுத்தார், உடனே நம்பினார்கள்.

சங்க விழாவில் பச்சை உடுப்பு, இறகு செருகிய தொப்பி, தோளில் துவக்கு என்று மேளத்துக்குப் பின்னால் அவர் அணிவகுத்துப் போன காட்சி கண்கொள்ளாதது. அதே பச்சை உடுப்பும் துவக்கும் மன்னாரில் தெருமுனையில் தெரிந்திருந்தால், அண்ணை பின்வேலி பாய்ந்து அடுத்த ஊருக்குப் போயிருப்பார். மனிதன் வளர்கிறான் அல்லவா?

துவக்கு வாங்க ஆசை இருந்தால் மட்டும் போதாது, 'தேவை' இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தனக்குத் தேவை உண்டு என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த கடிதத்தை அண்ணை கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கவிட்டார். திருக்குடும்பப் படம் ஒரு அடி இடதுபக்கம் நகர்ந்து இடம் கொடுத்தது.

அடுத்து, துவக்கைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டகம் வந்தது. நாலு பேர் தூக்கி, இரண்டு படியை உடைத்துக் கெலருக்குள் இறக்கினார்கள். அந்த மாதம் எங்கள் பகுதியில் தமிழர் வீடுகளாகத் தேடி நகைக் கள்ளர் வந்து போனார்கள். அண்ணை உடனே மனைவி பேர்பெச்சுவா அக்காவின் நகை முழுவதையும் பெட்டகத்துக்குள், துவக்கின் காலடியில் வைத்துப் பூட்டினார். அங்கேதான் ஒரு சட்டச் சிக்கல் தலைதூக்கியது. துவக்கு இருக்கும் பெட்டகத்தின் இலக்கம் துவக்குக்காரர் தவிர வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது. மனைவிக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் உரிமம் போய்விடும்.

"இஞ்சாரும், சட்டம் எண்டால் சட்டம்தான். நம்பர் சொல்ல ஏலாது," என்றார் அண்ணை.

"என்ர நகைக்கு நான் என்ன செய்யிறது?"

"தேர்மின் எடும். முதலே நாள் குறிச்சு வாரும்."

நான் சும்மா இருப்பேனா? ஒரு பக்கத்தில் 'நகை அன்றாக்' என்று தலைப்பிட்டு விண்ணப்பப் படிவம் தயாரித்தேன். பெயர், நகையின் விபரம், தேவைக்கான காரணம், ஆதாரம், அலுவலகப் பாவனைக்கு மட்டும். அக்கா மூன்று நாள் முன்னதாக நிரப்பித் தர வேண்டும். அண்ணை பரிசீலிப்பார், முடிவை நான் எழுதுவேன். ஒரு சாமத்தியச் சடங்குக்கு அட்டியல் அனுமதிக்கப்பட்டது. காப்பு ஒரு கைக்கு மட்டும். மறுகைக்குத் தேவை போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை.

அக்கா படிவங்களை நிரப்பித் தந்தார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்து, சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தேத்தண்ணியும் றோல்சும் கொண்டுவந்து வைப்பார். ஒருமுறை கதிர்காமநாதன், "இந்த றைபிளின்ர வெடிச்சத்தம் இருக்கே, சங்கீதம்!" என்றபோது மட்டும், தட்டைக் கொஞ்சம் பலமாக வைத்தார். தேத்தண்ணி குறிப்பேட்டில் சிந்தியது. ஒழுங்கீனம் என்று பதிந்தேன்.

கார்த்திகை மாதம் அக்காவிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. நகை: மெல்லிய சங்கிலி ஒன்று. காரணம்: தம்பி சூசைதாசனின் ஆண்டுப் பூசை. சூசைதாசன் மன்னாரில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த பத்தொன்பது வயதுப் பொடியன். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு அந்தச் சங்கிலியை வாங்கிக் கொடுத்து, நாலாம் மாதம் சூடு பட்டுச் செத்தவன். வருடத்தில் ஒருநாள், அந்தப் பூசைக்கு மட்டும் அக்கா அதைப் போடுவார்.

துரதிர்ஷ்டவசமாக அன்றுதான் சங்கத்தின் சுற்றுப்போட்டி. அண்ணை விடியவே துவக்கோடு போய்விட்டார். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அண்ணையின் பக்கத்தில்தான் நின்றேன்.

"நம்பரைச் சொல்லுங்கோ. சங்கிலியை எடுத்துப்போட்டுப் பூட்டிவிடுறன்."

"துவக்கு என்னட்ட இருந்தாலும் மிச்சத் தோட்டா உள்ளுக்கை கிடக்கு. ஏலாது. முதலே எடுத்திருக்கலாமே?"

"அன்றாக் தந்து ஒரு கிழமை ஆச்சு."

அண்ணை என்னைப் பார்த்தார். தவறு என்னுடையதுதான், படிவம் என் கோட்டுப் பையில் கிடந்தது. ஆனால் நிர்வாகம் ஒருநாளும் தவறாது என்பதால், அந்த இடத்திலேயே பேனையை எடுத்து 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விடுவது அழகல்ல. 'இறந்தவருக்கு இதனால் பயனில்லை' என்று நிரப்பினேன். அன்று அண்ணை இரண்டாம் இடம் பெற்றார். அக்கா வெறுங்கழுத்தோடு பூசைக்குப் போனார்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தில்மன் என்ற அதிகாரி முன்னறிவித்தல் இல்லாமல் பெட்டகத்தைப் பரிசோதிக்க வந்தார். அண்ணை வேலையில். வாகனத்தைக் கண்டதும் நான் ஓடிப்போனேன். அக்கா அவரைச் சப்பாத்தைக் கழற்ற வைத்து, றோல்சும் கொடுத்து இருத்தியிருந்தார். நான் பதற்றப்படவில்லை. அதிகாரி வந்தால், 'எனக்கு ஒன்றும் தெரியாது, கணவர் வரட்டும்' என்று ஜேர்மன் மொழியில் சொல்லும்படி அக்காவுக்கு நாற்பது தடவை பயிற்சி கொடுத்திருந்தேன். நாற்பது தடவையும் பிழையில்லாமல் சொன்னவர்.

"உங்கள் கணவர் இல்லையென்றால் நான் இன்னொரு நாள் வருகிறேன்," என்றார் தில்மன்.

"எதற்கு? நானே திறந்து காட்டுகிறேன்," என்றார் அக்கா நல்ல ஜேர்மன் மொழியில்.

கெலருக்கு இறங்கினார். நான்கு இலக்கங்களை அழுத்தினார். ஒன்று, ஐந்து, பூச்சியம், எட்டு. பெட்டகம் திறந்தது. அக்கா துவக்கைத் தொடவில்லை. அதன் காலடியில் இருந்த பெட்டியை எடுத்து, சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு காலமாக இந்த எண் உங்களுக்குத் தெரியும்?" அதிகாரியின் பேனை எழுதத் தொடங்கிவிட்டது.

"பெட்டகம் வந்த நாளிலிருந்து. ஆகஸ்ட் பதினைந்து, மடுமாதா திருநாள். மன்னார்க் கத்தோலிக்கர் எல்லோருடைய சைக்கிள் பூட்டும் இதே எண்ணில்தான் திறக்கும். என் கணவருக்கு வேறு திகதி ஞாபகம் நிற்காது. என் பிறந்தநாள்கூட."

நான் குறுக்கிட்டேன். "அக்கா, தெரியும் எண்டால் அண்டைக்குப் பூசைக்கே எடுத்திருக்கலாமே?"

"என்ர பொருளை நானே களவெடுக்கிறதோ தம்பி? அவர் தரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

துவக்கு அன்றே தில்மனோடு போய்விட்டது. அண்ணை உரிமம் வைத்திருக்க 'நம்பகமானவர்தானா' என்று கேட்டு ஒரு கடிதமும் வந்தது. இரண்டு கிழமைக்குள் விளக்கம் எழுத வேண்டும். அண்ணை பாண் தொழிற்சாலைக்கு லீவு போட்டார். வெறும் பெட்டகத்துக்கு எண்ணெய் பூசினார். ஒருநாள் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து அழுததை நான் என் கண்ணால் கண்டேன்.

சனிக்கிழமை அவசரக் கூட்டம் கூடினோம். நான் ஒரு வாக்குமூலம் தயாரித்திருந்தேன்: 'பேர்பெச்சுவா ஆகிய நான், என் கணவர் எண்ணை அழுத்தும்போது அவருக்குத் தெரியாமல், வஞ்சகமாக எட்டிப் பார்த்தேன். அதிகாரியிடம் சொன்னது பொய்.' அக்கா கையெழுத்து வைத்தால் உரிமம் தப்பக்கூடும்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படி இறங்கி வந்தார். கழுத்தில் சங்கிலி. தாளை முழுவதும் வாசித்தார்.

"வைக்கிறன். அதுக்கு முதல் ஒரு கேள்வி. நீங்கள் மூண்டு பேரும் துவக்கில ஊறின ஆக்கள். சொல்லுங்கோ, சூசைக்குப் பட்டது என்ன துவக்கு?"

தோய்க்கும் மெசின் சுற்றிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்ல வேண்டும் அல்லவா?

"அக்கா, எத்தினை மீற்றர் தூரம் இருக்கும்? சத்தம் மொத்தமோ, கீச்செண்டோ? காயம்... முன்னாலையோ, பின்னாலையோ?"

"தெரியாது தம்பி. நான் திரும்பிப் பாக்கேல்லை." அக்கா அண்ணையைப் பார்த்தார். "இவர்தான் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினவர். இவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அண்ணை, "கதிர், காணும். வாயை மூடும்," என்றார். மேசையில் இருந்த வாக்குமூலத்தை எடுத்தார். பின்பக்கத்தில், தன் கோணல் எழுத்தில், ஜேர்மன் மொழியில் ஒரே வரி எழுதினார்: 'எனக்குத் துவக்கு தேவையில்லை.' அதன் கீழே கையெழுத்து வைத்தார். அக்கா வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு மேலே போனார். அண்ணை பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒன்றியத்தின் செயலாளர் என்ற முறையில் அன்றைய அறிக்கையை நான் முறைப்படி எழுதி முடித்தேன். வருகை தந்தோர் மூவர். இதுவரை ஆராயப்பட்ட துவக்குகள் நாற்பத்தொன்று. உறுப்பினர் அல்லாத ஒருவர் கேட்ட கேள்வி ஒன்று, பதில் இல்லை. தலைவர் தேவையில்லாமல் உணர்ச்சிவசப்பட்டுப் பதவி விலகினார் என்பதையும் பதிந்தேன். அந்தச் சங்கிலியின் படிவத்தில், 'இறந்தவருக்கு இதனால் பயனில்லை' என்று எழுதிய கை யாருடையது என்பதை மட்டும் பதியவில்லை. ஒரு செயலாளர் நடுநிலை தவறக்கூடாது பாருங்கள்.