சுவரில் இன்னும் இடம் இருந்தது

இராஜபாளையம்,
ஆனி கடைசி வெள்ளி.

அன்புள்ள மாப்பிள்ளை கௌதம்ராஜ் அவர்களுக்கு,

மாமனார் சீனிச்சாமி சொந்தக் கையால் எழுதும் கடிதம். பக்கத்தில் யாரும் இல்லை, எழுத்துக் கூட்டித் தரவும் ஆள் இல்லை. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் மகள் மகாலட்சுமியும் சுகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் சுகம் என்ற சொல் எனக்கு நன்றாக வருகிறது.

முதலீடு என்று நீங்கள் வாங்கிப்போட்ட வீட்டை என் பொறுப்பில் விட்டீர்கள். ஆடி பிறந்துவிட்டால் ஒருவரும் பால் காய்ச்சிக் குடிவர மாட்டார்கள், அதற்குள் ஆள் பிடிக்காவிட்டால் சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிடுங்கள் என்று போனில் சொன்னீர்கள். சாவியை விட எனக்கு மனமில்லை. நீல பெயிண்ட் வாங்கிவந்து, முதியோர் கல்வி வகுப்பில் நாகஜோதி டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, காம்பவுண்டுச் சுவரில் ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதினேன். பார்த்தால் பெயிண்டும் மிச்சம், சுவரும் மிச்சம். ‘தண்ணீர் வரும் நாளில் வரும்’ என்று எழுதினேன். ‘ஃபேன் ஓடும், காற்று வராது’ என்றும் எழுதினேன். ‘பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி தங்கமானவர், சண்டை போட்டால் மட்டும் தெருமுனை வரை கேட்கும்’ என்று எழுதி முடிக்கும்போது அவரே வந்து நின்று படித்தார். நான் பயந்துபோனேன். “ஏன் அண்ணாச்சி, தெருமுனையோட நிறுத்திப்புட்டிய? ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்கும்லா, ஒழுங்கா எழுதுங்க” என்றார். திருத்தி எழுதினேன்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள், படித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். மம்சாபுரத்துக் குடும்பம் ஒன்று சுவர் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள்தான் யாரும் வரவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிவனாண்டி கூட்டம் போட்டுவிட்டார். “அண்ணாச்சி, நீங்க வீட்ட வாடகைக்கு விடுதீயளா, வாக்குமூலம் குடுக்கீயளா?” என்றார். முதல் வரி தவிர எல்லாவற்றையும் அழிக்கவேண்டும் என்று தீர்மானம். அழித்தேன். ‘கீழ்க்கண்டவை சங்கத் தீர்மானப்படி நீக்கப்பட்டன’ என்று எழுதினேன். என்னென்ன நீக்கப்பட்டன என்று ஜனங்களுக்குத் தெரியவேண்டாமா? அவற்றையும் எழுதினேன். சிவனாண்டி மடேரென்று தலையில் அடித்துக்கொண்டார். “ஒண்ணையாவது மறைக்கப் படிச்சுக்கோங்க அண்ணாச்சி!” என்றார்.

அதற்கும் வேளை வந்தது. நேற்று திருவில்லிபுத்தூரிலிருந்து உப்பிலி என்பவர் மனைவி ஹம்ஸாவோடு வந்தார். சுவர் முழுவதும் படித்துவிட்டு, “பெரியவரே, எல்லா ஊர்லயும் குடிவந்த பொறகுதான் அழுவோம். நீங்க முன்னாடியே சொல்லிட்டேளே!” என்று உள்ளே வந்தார். அடுக்களைச் சுவரில் ஈர ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பூத்திருப்பதை மட்டும் நான் எழுதவில்லை. அதை மறைக்க, வெற்றுடம்போடு அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் நின்றேன். வேர்வையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. நான் நகர்ந்ததும் ஹம்ஸா, “முதுகுல என்ன வெள்ளையா?” என்று கேட்க, வாய் தவறி “திருமண்” என்றேன். “முதுகுலயுமா! பன்னிரண்டு நாமமும் சாத்திப்பேளா?” என்று அந்த அம்மாள் கைகூப்பினார். உப்பிலியும் கைகூப்பினார். வாடகை பேசி முடிந்தது. இன்று பால் காய்ச்ச வருகிறார்கள். மழைக்கு முன் ஒரு கொத்தனாரை அனுப்புங்கள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

ஓதம் ஏறாத சுவர்போல நீங்களும் மகளும் உறுதியாக வாழ ஆண்டாள் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
சாவி இன்னும் கையில் உள்ள
சீனிச்சாமி

பின்குறிப்பு: இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. தபாலில் போனால் நீங்கள் ஒருவர்தானே படிப்பீர்கள்? அதனால் கையெழுத்து வரை அப்படியே ஒரு படி எடுத்துச் சுவரில் ஒட்டினேன். நல்ல கூட்டம். உப்பிலியும் ஹம்ஸாவும் பால் செம்போடு நின்று படிக்கிறார்கள். உப்பிலி விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது சிரிப்பு நின்றிருக்கிறது. ஹம்ஸா என்னைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொல்கிறார்.